மூன்று பெரியவர்கள், பிள்ளை இல்லை

"லமய் கீதெனாத?" என்றான் கூண்டுக்குள் இருந்த பொடியன்,
டிக்கெட் கட்டிலிருந்து கண் எடுக்காமல்.
பிள்ளைகள் எத்தனை பேர்.
ஒருவரும் இல்லை என்றேன்.
எட்டிப் பார்த்தான், எங்கள் முழங்கால் உயரத்தில்
யாரையும் ஒளித்து வைத்திருக்கிறோமா என்று.
அங்கே தொங்கியது மெஹ்ரூனின் கைப்பை மட்டும்.
அதற்குள் மூன்று முட்டை ரோல்ஸ்,
வாந்தி வந்தால் மணக்க ஒரு தேசிக்காய்.

செவ்வாய்க்கிழமை.
கொம்பனித்தெருக் காப்புறுதி அலுவலகத்தில்
எங்களுக்கு இன்று வைரஸ் காய்ச்சல்.
காலை ஏழு மணிக்கே
தனித்தனியாக இருமி அறிவித்திருந்தோம்.
நிலூஷி கொஞ்சம் கூடவே இருமிவிட்டாள்.

முந்தி இப்படி ஓரிடத்துக்குப்
பிள்ளைகளோடு போனேன், என்றாள் மெஹ்ரூன்.
நான் பார்த்தது சப்பாத்து நாடாக்களைத்தான்.
ஒன்றுக்குக் கழிப்பறை,
மற்றதற்குப் பஞ்சுமிட்டாய் துடைக்க என் அபாயா,
மூன்றாவது, ராட்டினத்தில் ஏறவும் மாட்டேன்
இறங்கவும் மாட்டேன் என்று.
ஐந்து மணித்தியாலம், கையில் ஆறு சப்பாத்தோடு
மேலே சுற்றுகிறவர்களுக்குக் கையசைத்தேன்.
கையசைக்கவும் டிக்கெட் வாங்கியிருந்தேன், தெரியுமா?

வரிசையின் முடிவில் ஒரு மரக் கரடி,
நீட்டிய கையில் சிவப்புக் கோடு.
இதைவிட உயரமானவர்கள் போகலாம்.
அவ்வளவுதானா?
இந்த நகரத்தில் எத்தனை வரிசையில் நின்றிருப்பேன்,
அடையாள அட்டை, பொலிஸ் பதிவு,
எங்கிருந்து வந்தாய், யார் வீட்டில் நிற்கிறாய்,
எப்ப திரும்பிப் போவாய்.
கரடி ஒன்றும் கேட்கவில்லை.
நாற்பத்தெட்டு வயதில்
உயரம் மட்டும் போதுமான ஒரு வாசல்.

இரும்புச் சட்டம் மடியில் இறங்கிப் பூட்டியது.
பெட்டி ஏறியது, டக், டக், டக்,
இழப்பீட்டுக் கோப்பொன்று
மேசை மேசையாக ஏறுகிற நிதானத்தில்.
உச்சியில் நின்றது.
தாமரைக் கோபுரம், பேரை வாவி,
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்.
"அங்க பாருங்க, எங்கட கட்டடம்!"
கண்ணாடிக்குப் பின்னால் எங்கேயோ
ஆளில்லாத மூன்று கதிரைகள்.
கீழே, கடலுக்குள் மண் கொட்டி எடுத்த நிலம்,
நேற்றுவரை மீன்கள் குடியிருந்த விலாசம்.

பிறகு நிலமே இல்லை.

பக்கத்தில் பிள்ளை இருந்தால்
"ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று
பொய் சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும்,
ஒரு கையால் அதன் வயிற்றைப் பிடிக்க வேண்டும்.
இன்று பயம் முழுவதும் எனக்கே கிடைத்தது,
பங்கு வைக்காத மாம்பழம்போல,
கொட்டை வரைக்கும்.

கத்தினேன்.
"ஐயோ அம்மா" என்று, தமிழில்.
அந்த நாட்களில், நூறாம் நம்பர் பஸ்ஸில்
"மெல்லமாக் கதை" என்று அக்கா முழங்கையால் இடிப்பாள்.
இடி இன்னும் விலாவில் இருக்கிறது.
கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை
வாய்க்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்ததெல்லாம்
கொழும்பின் தலைக்கு மேலே அவிழ்ந்து பறந்தது.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை,
எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.
"அம்மே" என்றாள் நிலூஷி.
"உம்மா" என்றாள் மெஹ்ரூன்,
ஐம்பத்திரண்டு வயதில், மூன்று பேருக்கு
தானே உம்மாவாக இருப்பவள்.

இறங்கினோம். தேசிக்காயை மணந்தோம்.
திரும்பவும் ஏறினோம்.
வீட்டுக்குப் போவோம் என்று யாரும் அழவில்லை.
அழுதாலும் தூக்குவதற்கு ஆளில்லை.

வெளிவாசலில் பிள்ளைகளுக்கு இலவச பலூன்.
நிலூஷி கை நீட்டினாள்.
பிள்ளை எங்கே, என்றான் அங்கே நின்றவன்.
பன்சலையில் கேட்கிறார்கள், கலியாண வீடுகளில் கேட்கிறார்கள்,
இப்போது பலூன்காரனும்.
"பெறவில்லை. பெறப்போவதும் இல்லை.
மஞ்சளைத் தாங்கோ."

புதன் காலை மூவருக்கும் குரல் இல்லை.
முகாமையாளர் மேசை மேசையாக வந்து பார்த்தார்.
பாவம், கடுமையான காய்ச்சல்தான் போல, என்றார்.
இஞ்சி அவித்துக் குடிக்கச் சொன்னார்.
தலையாட்டினோம்.
நிலூஷியின் மேசைக்கு அடியில்
அந்த மஞ்சள் பலூன்
அவளுடைய முழங்காலில்
மெதுவாக முட்டிக்கொண்டிருந்தது.